லாரிக்குக் கேட்ட கேள்விகள்

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஓட்டலின் ஏ.சி. ஹால். ஞாயிற்றுக்கிழமை காலை. நுழைவாயிலில் விமானி உடை போட்ட அட்டைப்பட ஆள் ஒருவர், முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டு நின்றார். நம் பையன் அந்த ஓட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டால் போட்டோ எடுத்துத் தருவார்கள். உள்ளே மேசைக்கு ஒரு கொடி: அமெரிக்கா, கனடா, பிலிப்பைன்ஸ், தென் ஆப்பிரிக்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. என்னை அழைத்துப்போனது சித்தப்பா. ராசிபுரம் பக்கம் ஊர், இரண்டு லாரி, கிணற்றுப் பாசனத்தில் மூன்று ஏக்கர். பையன் பிளஸ் டூ முடித்திருந்தான், கணக்கு, இயற்பியல் எல்லாம் நல்ல மார்க். நான் சாஃப்ட்வேரில் இருப்பதால் வெளிநாடு சம்பந்தப்பட்ட எல்லாமே எனக்குத் தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

ஒன்றரை மணி நேரம் வீடியோ, பாட்டு, பேச்சு. கடைசியில் கேள்வி நேரம். நூறு பேருக்கு மேல் இருந்த ஹாலில் ஒரே ஒரு அம்மா எழுந்து, "அங்க நம்ம சாப்பாடு கிடைக்குங்களா?" என்று கேட்டார். கிடைக்கும் என்றார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். வெளியே வந்து காபி குடிக்கும்போது சித்தப்பா என்னிடம் கேட்டார்: "சொல்லு கண்ணு, எந்த நாட்டுக்கு அனுப்பலாம்?"

எனக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ஒரு மாதம் உட்கார்ந்து படித்த பிறகு, அந்தக் கேள்வியே தப்பு என்று தோன்றியது. நம் கையில் திட்டமிட்டுத் திணிக்கப்பட்ட கேள்வி அது. "எந்த நாடு" என்று நாம் யோசித்துக்கொண்டிருக்கும்வரை, "இந்த ஆபத்தை யார் சுமக்கிறார்கள்" என்று கேட்க மாட்டோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

*

சித்தப்பா லாரி வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன். சேசிஸ் எடுக்கும் முன் நாமக்கல்லில் எட்டுப் பேரிடம் விசாரித்தார். எந்த இன்ஜின் எவ்வளவு மைலேஜ், மலை ஏறும்போது எப்படி இழுக்கும், உதிரிபாகம் வழியில் எங்கே கிடைக்கும், ஃபைனான்ஸ்காரன் வட்டி நிலையானதா குறையும் வட்டியா, நேஷனல் பர்மிட் செலவு, இன்சூரன்ஸ், டயர், எஃப்.சி. பிறகு பாடி கட்டும் பட்டறையில் விட்டபோது தினமும் ஒரு நடை போய் நின்றார். எந்தக் கனத்தில் தகடு போடுகிறார்கள் என்று தட்டிப் பார்த்தார். பட்டறைக்குப் பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை. வேலை எவ்வளவு முடிந்ததோ அதற்குத் தகுந்த மாதிரி கொடுத்தார். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்ட கேள்வி: "லோடு இருக்கா? போனா திரும்பி வர லோடு கிடைக்குமா?"

ஊரில் இதை யாரும் பெரிய புத்திசாலித்தனமாக நினைப்பதில்லை. திருச்செங்கோட்டுக்காரர்கள் போர்வெல் ரிக் வண்டியை வடநாடு முழுக்க, கடல் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் கொண்டுபோனது இப்படிக் கணக்குப் போட்டுத்தான். தொலைவு நமக்குப் பயமே இல்லை. கணக்கில்லாமல் நகர மாட்டோம், அவ்வளவுதான்.

அதே சித்தப்பா, லாரியின் விலையைவிடக் கூடுதலான பணத்தை, ஒரு கொடியைப் பார்த்துக் கொடுக்கத் தயாராக இருந்தார். விமானம் என்றதும் நமக்குக் கேள்வி கேட்கும் வாய் அடைத்துப்போகிறது. "நமக்கென்ன தெரியும், படிச்சவங்க சொல்றாங்க" என்ற ஒரு பணிவு வந்துவிடுகிறது. அந்தப் பணிவில்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

*

முதலில் லைசென்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். இந்தியாவில் இந்திய நிறுவனத்தின் விமானத்தை ஓட்ட, டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் கொடுக்கும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வேண்டும். எந்த நாட்டில் பறந்தாலும் கடைசியில் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். குறைந்தபட்சம் 200 மணி நேரப் பறத்தல். அதில் 100 மணி விமானத்தின் பொறுப்பு உன் கையில் இருக்க வேண்டும். அந்த நூறில் 15 மணி, விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பறக்கும் திறன் சோதனையும் அந்த ஆறு மாதத்துக்குள்தான். வெளிநாட்டு லைசென்ஸோடு வருபவர்கள் இங்கே விமான விதிகள் தேர்வும், வழிகாட்டலும் வானிலையும் சேர்ந்த தேர்வும் எழுதித் தேற வேண்டும். ரேடியோ பேசுவதற்குத் தனி உரிமம். முதல் நிலை மருத்துவச் சான்று.

இப்போது வரிசையைப் பாருங்கள். செமினாரில் சொல்லப்படும் வரிசை: முதலில் அட்வான்ஸ், அடுத்து விசா, அடுத்து பறத்தல், "வந்த பிறகு" இந்தியத் தேர்வு. விதியைப் படித்தவன் போடும் வரிசை நேர் எதிர்: முதலில் மருத்துவச் சோதனை, அடுத்து இங்கேயே தேர்வுகள், அதற்குப் பிறகுதான் பணம், பறத்தல். நிறக்குருடோ இதயத் துடிப்பில் சின்னக் குறையோ இருந்தால் அதை ஊரில் இருக்கும்போதே தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவு சில ஆயிரம். அதையே அரிசோனாவில் ஐம்பது லட்சம் செலவழித்த பிறகு தெரிந்துகொண்டால்?

எங்கள் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் செமினார் வரிசையில் போனவன். எந்த நாடு, எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். நன்றாகவே பறந்தான். லைசென்ஸ் வாங்கி, மாலை மரியாதையோடு வந்து இறங்கினான். வந்த பிறகு தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தான். ஒரு தாள் போயிற்று, மறுபடி எழுதினான். எல்லாம் முடிந்து பார்த்தால் ஆறு மாதக் கணக்கு தாண்டியிருந்தது. மறுபடி பறக்க வேண்டும். இந்தியாவில் ஒரு பள்ளியைப் பிடித்து, வரிசையில் நின்று, மணிக்கு இவ்வளவு என்று மறுபடி பணம். அது முடிந்தபோது அவன் வயதுக்காரர்கள் நாலு சம்பள உயர்வு பார்த்திருந்தார்கள். என்னிடம் ஒருநாள் சொன்னான்: "அண்ணா, இந்த ஆறு மாச விஷயத்த அங்க போறதுக்கு முன்னாடி ஒருத்தர் கூடச் சொல்லலீங்ண்ணா." அது ரகசியம் இல்லை. விதி புத்தகத்தில் அச்சில் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் யாருக்கு லாபம் என்பதுதான் விஷயம். முகவருக்குக் கமிஷன் அவன் விமானம் ஏறும்போதே வந்துவிட்டது.

*

சரி, நாடுகளைப் பற்றியே பேசமாட்டேன் என்று அடம்பிடிக்கவில்லை. பேசுவோம்.

அமெரிக்காவில் விமானம் நிறைய, பயிற்றுநர்கள் நிறைய, அரிசோனா மாதிரி மாநிலங்களில் வருடத்தின் பெரும்பகுதி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். இந்தியாவில் இரண்டு வருடம் இழுக்கும் பயிற்சி அங்கே ஒரு வருடத்துக்குள் முடியக்கூடும். இது உண்மையான நன்மை. ஆனால் பறந்து முடித்ததும் அங்கே ஏர்லைனில் வேலை கிடையாது. 2009இல் பஃபலோ நகருக்கு அருகே நடந்த விபத்துக்குப் பிறகு வந்த சட்டத்தால், 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி வேண்டும். அந்த இடைவெளியைப் பயிற்றுநராக வேலை செய்து நிரப்ப வேண்டும். அதற்கு விசா வகை முக்கியம்: தொழிற்பயிற்சிக்கான எம்-1 விசாவில் போனால் வேலை அனுமதி அதிகபட்சம் சில மாதம்தான், எஃப்-1 விசா தரும் பள்ளிகளில் வழி கொஞ்சம் அகலம். "எந்த நாடு" என்பதைவிட "எந்த விசா" என்பது பெரிய கேள்வி. ஹாலில் யாரும் அதைக் கேட்கவில்லை.

பிலிப்பைன்ஸ் மலிவு. ஆங்கிலத்தில் பாடம். ஆனால் வருடத்தில் பல மாதம் மழையும் புயலும். மழை நாளில் சின்ன விமானம் தரையில்தான் நிற்கும். அறை வாடகையும் சாப்பாடும் நிற்காது. தென் ஆப்பிரிக்காவில் அவர்கள் நாணயம் நமக்குச் சாதகம். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் நல்ல பெயர், கனமான விலை. பாதுகாப்பைக் கொடியை வைத்து அளக்க முடியாது: 2023 ஆகஸ்டில் வடக்கு பிலிப்பைன்ஸின் மலைப்பகுதியில் விழுந்த பயிற்சி விமானத்தில் ஒரு இந்திய மாணவர் இறந்தார், 2025 ஜூலையில் கனடாவின் மனிடோபாவில் இரண்டு பயிற்சி விமானங்கள் மோதியதில் இறந்த இருவரில் ஒருவர் கேரள மாணவர்.

பணத்தின் பாதுகாப்பும் அப்படித்தான். அமெரிக்காவில் சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பெரிய பயிற்சி நிறுவனம் 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கதவை மூடியது. முழுக் கட்டணத்தையும் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டியிருந்த மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள். பிரிட்டனில் 2023இல் டேசைட் ஏவியேஷன் என்ற பழைய பள்ளி திவாலானது. ஒழுங்கான சட்டம் இருக்கும் நாடுகள் இவை. அங்கேயே பறந்த அளவுக்குப் பணம் கட்டியவன் தப்பித்தான், மொத்தமாகக் கட்டியவன் மாட்டினான். சித்தப்பாவுக்கு இது பட்டறையில் தெரிந்திருந்தது. ஏ.சி. ஹாலில் மறந்துபோனது.

உள்ளூர் நிலைமை? ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்தையே 2022இல் பயிற்சிப் பள்ளிக்கான ஐந்து இடங்களில் ஒன்றாக விமான நிலைய ஆணையம் தேர்ந்தெடுத்தது. இன்று சேர்வராயன் மலையடிவாரத்தில் சின்ன விமானம் வட்டமடிப்பதைப் பார்க்கலாம். ஆனால் உள்ளூர் என்பதால் மட்டும் கண்ணை மூடிச் சேர்க்கச் சொல்லமாட்டேன். 2025இல் டி.ஜி.சி.ஏ. முதல்முறையாக இந்தியப் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்தது. 35 பள்ளிகளில் மேல் வகைகளுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. 13 பள்ளிகள் பி, 22 பள்ளிகள் சி. கட்டுப்பாட்டு அமைப்பே தன் பள்ளிகளுக்குப் போட்ட மார்க் இது. பையன்கள் வெளிநாடு ஓடுவது ஆசையினால் மட்டும் இல்லை. இங்கே விமானம் போதாது, பயிற்றுநர் போதாது, முறை வருவதற்கே மாதங்கள் ஆகும். இதைச் சரிசெய்யாத அரசாங்கமும் அந்த ஏ.சி. ஹாலின் பங்குதாரர்தான்.

*

அடுத்து, "லோடு இருக்கா" என்ற கேள்வி.

செமினாரில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்: "இந்தியாவுக்கு 30,000 பைலட்டுகள் தேவை". பொய் இல்லை. மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சரே சொன்ன எண்தான். ஆனால் அவர் சொன்னது அடுத்த 15 முதல் 20 வருடத்துக்கு. அந்தப் பகுதி திரையில் இல்லை. வகுத்துப் பாருங்கள். வருடத்துக்கு 1500லிருந்து 2000 பேர். 2023இல் மட்டும் டி.ஜி.சி.ஏ. கொடுத்த கமர்ஷியல் லைசென்ஸ் 1622. அதாவது தேவையும் வரவும் ஏற்கெனவே கிட்டத்தட்டப் பக்கத்தில் நிற்கின்றன. முந்தைய வருடங்களில் லைசென்ஸ் வாங்கி வரிசையில் நிற்பவர்களை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. நிறுவனங்கள் "பற்றாக்குறை" என்று அலறும்போது பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களைத்தான் சொல்கின்றன. 200 மணி பறந்த புதுப் பையன்களுக்குப் பஞ்சம் இல்லை.

இந்தத் துறையின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள 2023ஆம் வருடம் ஒன்றே போதும். பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் அறிவித்தது. மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தியது. ஜூனில் இண்டிகோ 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. திரையில் காட்டப்பட்டவை பிப்ரவரியும் ஜூனும். மே மாதம் காட்டப்படவில்லை. அதற்கு முன் 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2012இல் கிங்ஃபிஷர். ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் நூற்றுக்கணக்கில் சந்தைக்கு வருவார்கள். அந்த வருடம் லைசென்ஸ் வாங்கி வந்து இறங்கும் பையன் அவர்களோடுதான் போட்டி போட வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் நிலையம் 1993இல் திறந்தது. வருடக்கணக்கில் ஓடுதளம் வெயில் காய்ந்தது. கிங்ஃபிஷர் வந்தது, போனது. 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, 2021இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில்தான் மறுபடி விமானம் இறங்கியது. நிலைய விரிவாக்கம் என்று காமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி விவசாயிகளிடம் நிலம் கேட்டபோது அவர்கள் ரோட்டில் உட்கார்ந்து கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? "இருக்கிற ஓடுதளத்துக்கே ஃப்ளைட் வரல, இன்னும் எதுக்கு நெலம்?" லோடு இருக்கா என்பதன் இன்னொரு வடிவம் அது.

*

நான் எக்செல்லில் போட்ட கணக்கைச் சொல்கிறேன். பயிற்சி, தங்குமிடம், பிறகு ஏர்பஸ்ஸோ போயிங்கோ ஒரு குறிப்பிட்ட விமானத்துக்கான டைப் ரேட்டிங், எல்லாம் சேர்த்து 70 லட்சம் என்று வைப்போம். நிறுவனங்களின் கேடட் திட்டம் என்றால் கோடியைத் தாண்டும். 70 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 96,000 ரூபாய். வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி மட்டும் 64,000. இவ்வளவு பெரிய கல்விக் கடனை வங்கி சும்மா கொடுக்காது. நிலமோ வீடோ அடமானம் கேட்கும். சித்தப்பாவிடம் இருப்பது மூன்று ஏக்கரும் இரண்டு லாரியும். லாரிகள் ஏற்கெனவே ஃபைனான்ஸில்.

இந்தச் செலவை ஏன் சித்தப்பா சுமக்க வேண்டும்? இதைத்தான் நாம் எங்குமே கேட்பதில்லை.

எங்கள் ஊரில் டிரைவர் எப்படி உருவாகிறார்? கிளீனராக ஏறுகிறார். முதலாளியின் வண்டி, முதலாளியின் டீசல், பெரிய டிரைவரின் திட்டு. ராத்திரி காலியான ரோட்டில் ஸ்டியரிங் கைக்கு வருகிறது. கற்றுக்கொள்ளும் செலவு வண்டிக்காரருடையது, ஏனென்றால் லாபமும் அவருடையது. கிளீனருக்குக் கூலி குறைவு, தூக்கம் குறைவு. அதில் சுரண்டல் இல்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் "நீ அறுபது லட்சம் கட்டிக் கற்றுக்கொண்டு வா, பிறகு லோடு இருந்தால் கூப்பிடுகிறேன்" என்று எந்த லாரி முதலாளியும் சொன்னதில்லை.

விமானத் தொழிலிலும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. கேத்தே பசிபிக் நிறுவனம் தன் செலவில் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஆஸ்திரேலியாவின் அடிலெய்டுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2023இல் ஆரம்பித்த திட்டத்தில், தேர்வாகிறவருக்கு ஒரு லட்சம் பவுண்டு வரை பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கிறது. கவனியுங்கள்: நிறுவனம் பணம் கொடுக்கும் இடத்தில் "எந்த நாட்டில் பயிற்சி" என்பது நிறுவனத்தின் தலைவலி. வானிலை, விமானம், பயிற்றுநர், செலவு எல்லாவற்றையும் அவர்களின் ஆட்கள் போய்ப் பார்த்து முடிவெடுப்பார்கள். குடும்பம் பணம் கொடுக்கும் இடத்தில் அதே முடிவை ராசிபுரத்து லாரிக்காரர் காபி குடிக்கும் நேரத்தில் எடுக்க வேண்டும்.

இங்கே 500 விமானம், 470 விமானம் என்று ஆர்டர் போடத் தெரிந்த நிறுவனங்களுக்கு, அவற்றை ஓட்டப்போகும் பையன்களின் பயிற்சிச் செலவில் பாதியைக்கூட ஏற்கத் தோன்றவில்லை. கேடட் திட்டம் என்று பெயர் வைத்து, அதிலும் குடும்பத்திடம்தான் வாங்குகிறார்கள். தேவை நிறுவனத்துடையது, கடன் குடும்பத்துடையது. சந்தை சரிந்தால் நிறுவனம் "ஆள் எடுப்பதை ஒத்திவைத்துள்ளோம்" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பும். சித்தப்பாவின் தவணைக்கு ஒத்திவைப்பு கிடையாது.

*

இந்த இடத்தில் ஒரு ஆள் கோபத்தோடு எழுந்திருப்பார். எனக்கு அவரைத் தெரியும், ஏனென்றால் அவர் எனக்குள்ளும் இருக்கிறார். "அப்ப பணக்காரன் பையன் மட்டும் பறக்கணுமா? லாரிக்காரன் பையன் பறக்கக் கூடாதா? நீ மட்டும் பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு எங்களுக்கு அட்வைஸ் பண்ணுவியா?"

நியாயமான கோபம். பைலட் வேலை பல தலைமுறைகளாக டெல்லி, பம்பாய் வீடுகளுக்குள், அப்பா கேப்டன் மகன் கேப்டன் என்று இருந்த வேலை. அந்த வீடுகளில் ஆறு மாத விதியைச் சாப்பாட்டு மேசையிலேயே சொல்லிக்கொடுப்பார்கள். பணம் இரண்டாவது, முதல் வித்தியாசம் இந்தத் தகவல்தான். பணம் போனாலும் அவர்களுக்கு நிற்க இடம் இருக்கிறது. நம் பையன் தகவலும் இல்லாமல், விழுந்தால் தாங்கும் கையும் இல்லாமல் போகிறான். போகாதே என்று சொல்பவன் அவன் எதிரி என்றால், ஒன்றும் சொல்லாமல் கொடியைக் காட்டி அனுப்புகிறவன் அவனுக்கு எப்படி நண்பன் ஆவான்?

நம் பகுதிக்கு இது முதல் தடவையும் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளை ஊரே பிராய்லர் பள்ளி என்று அழைக்கிறது. கோழிப்பண்ணை ஊர்க்காரர்கள் வைத்த பெயர், தெரிந்துதான் வைத்தார்கள். நானும் அப்படி ஒன்றில் இரண்டு வருடம் விடியற்காலை நாலரைக்கு எழுந்தவன். அங்கே கேள்வி கேட்பது நேர விரயம். விடை எழுதுவதுதான் படிப்பு. அங்கிருந்து இன்ஜினியரிங் அலை அடித்தது. எனக்கு அது ஒத்துவந்தது, என்னோடு படித்த பலருக்கு ஒத்துவரவில்லை. என்னை மட்டும் பேனரில் போட்டார்கள். அடுத்து வெளிநாட்டு மருத்துவம். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் புது விதி கொண்டுவந்தபோது பிலிப்பைன்ஸ் பாடமுறை அதில் அடங்கவில்லை. சேர்த்துவிட்ட முகவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, மாணவர்கள் தவித்தார்கள். 2022இல் உக்ரைன். இப்போது அதே ஹால், அதே நாற்காலி, அதே கொடிகள். ஸ்டெதஸ்கோப் அட்டைப்படத்தை எடுத்துவிட்டு விமானி அட்டைப்படம் வைத்திருக்கிறார்கள். ஓட்டை அதே அளவு.

எனவே நான் சொல்வது பறக்காதே என்பதில்லை. லாரிக்குக் கேட்ட கேள்விகளை விமானத்துக்கும் கேள்.

கிளாஸ் 2 மருத்துவச் சோதனையை இப்போதே எடு. முடிந்தால் கிளாஸ் 1 வரைக்கும் முடித்துவிட்டே பணத்தைப் பற்றிப் பேசு. டி.ஜி.சி.ஏ. தாள்களை வீட்டில் இருந்தே எழுது. அந்தப் பாடம் பிடிக்கவில்லை என்றால் தொழிலும் பிடிக்காது. பள்ளியிடம் கொடியைக் கேட்காதே. எத்தனை விமானம் சொந்தம், அதில் இன்றைக்கு எத்தனை பறக்கும் நிலையில், எத்தனை மாணவருக்கு எத்தனை பயிற்றுநர், போன வருடம் சேர்ந்தவர்கள் இன்றைக்கு எத்தனை மணியில் நிற்கிறார்கள் என்று கேள். எண்ணைச் சொல்லாத பள்ளியை விட்டு எழுந்து வா. முகவர் காட்டும் வெற்றி பெற்ற மாணவரிடம் பேசாதே. பாதியில் நிற்கும் மாணவரை நீயே தேடிப் பேசு. மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதே. பறக்கப் பறக்கக் கட்டு. விலகினால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கு. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு இரண்டு வருடம் வேலை இல்லை என்று வைத்துக் கணக்குப் போடு. அந்தக் கணக்கில் வீடும் நிலமும் மிஞ்சினால் கிளம்பு. மிஞ்சவில்லை என்றால் ஒரு டிகிரியையும் வேலையையும் பிடித்துக்கொண்டு, நாலு வருடம் கழித்துக் கிளம்பு. இருபத்தைந்து வயதில் பறக்க ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர் கேப்டன் இருக்கையில் இருக்கிறார்கள்.

இவை தனி ஆளின் கேள்விகள். ஊராகச் சேர்ந்து கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. முகவர்களைப் பதிவு செய்யச் சொல்லி, அவர்கள் வாங்கும் கமிஷனை வெளியில் சொல்லச் சொல்லி, இத்தனை ஆயிரம் பைலட் தேவை என்று கூவும் நிறுவனங்களைப் பயிற்சிச் செலவில் பங்கு போடச் சொல்லி அரசாங்கத்தைக் கேட்க வேண்டும். முட்டை விலை பத்து பைசா இறங்கினால் கூட்டம் போட்டுப் பேசத் தெரிந்த ஊர் நம்முடையது. பையன்களின் விலைக்கு ஒரு கூட்டம் போட முடியாதா?

*

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்கண்ணு, பட்டறைக்காரன் கிட்ட இதெல்லாம் கேட்டனே, இவனுங்க கிட்ட ஏன் கேக்காம உட்டன்?" என்றார். பதில் என்னிடம் இல்லை.

தம்பி கிளாஸ் 2 தேறிவிட்டான். இப்போது கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டே வானிலைத் தாளுக்குப் படிக்கிறான். சாயங்காலம் மொட்டை மாடியில் நின்று மேகத்தைப் பார்த்து அது எந்த வகை, அடிப்பகுதி எவ்வளவு உயரத்தில் என்று எனக்குப் போன் பண்ணிச் சொல்கிறான். பாதி தப்பாக இருக்கும். விட்டால் ஒரு மணி நேரம் பேசுவான். அவன் பறப்பானா என்று எனக்குத் தெரியாது. பறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அதுவரைக்கும் அந்த மூன்று ஏக்கர் பத்திரம் சித்தப்பாவின் இரும்புப் பெட்டியில்தான் இருக்கிறது.